கதவுக்குப் பின்னால் இரண்டாவது ஸ்டூல்

கம்பெனி பஸ்ஸை மறந்துவிட்டதாக யாரும் கதைவிட வேண்டாம். நம் வயதில் ஜொகூர் பாரு பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த ஹாரன் சத்தத்தில்தான் கண் விழித்தோம். விடிவதற்கு முன்னால் வந்து நிற்கும். நம் அம்மாக்கள் ஈரக் கொண்டையும் சோற்று டப்பாவும் பவுடர் வாசமுமாக ஏறுவார்கள். ஏறும்போதே பேச்சு, சிரிப்பு, யார் வீட்டில் என்ன குழம்பு என்ற விசாரணை. பஸ் தெருமுனை திரும்பிய பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும்.

என் அம்மா மட்டும் பேசாமல் ஏறுவாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் ஜன்னல் சீட் அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் சண்டை போட மாட்டாள், எழுந்திரு என்று கேட்கவும் மாட்டாள். மற்ற சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் கம்பெனி வரை நின்றுகொண்டே போவாள். தாமான் பெண்கள் அவளுக்கு ஒரே வார்த்தையில் பெயர் வைத்திருந்தார்கள், திமிர் பிடித்தவள் என்று. நானும் ரொம்ப நாள் அது ஒரு நோயின் பெயர் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் வேலை, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நகத்தைவிடச் சின்னதாக இருக்கும் சில்லுகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது. ஒருமுறை கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய் ஒரு நீளமான கண்ணாடி வழியாக உள்ளே காட்டினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகத்தில் துணி, கையில் உறை. கண் மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒரே அச்சு. மற்ற பிள்ளைகள் "எது எங்கம்மா, எது எங்கம்மா" என்று கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஓர் உருவம் முன்னும் பின்னுமாக மெல்ல ஆடிக்கொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டிலும் அம்மா அப்படி ஆடுவாள். ஆனால் யாராவது வரும் சத்தம் கேட்டால் சட்டென்று நிறுத்திவிடுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிறுத்தவே இல்லை. யாரும் அவளை ஒரு மாதிரி பார்க்கவில்லை, யாரும் தொடவில்லை, யாரும் "ஏன் மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குற" என்று கேட்கவில்லை. மெஷின்கள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன. எனக்கு அன்று அழுகையாக வந்தது. என்னோடு இருப்பதைவிட அங்கேதான் அவளுக்குச் சந்தோஷம் என்று எட்டு வயதுக்குத் தோன்றியதைத் தோன்றவில்லை என்று எப்படிச் சொல்வது?

வேலை முடிந்து வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குள் போவாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓர் இடுக்கு. ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர் தோம்பு, மறு பக்கம் அரிசிப் பீப்பாய், நடுவில் ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்து தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். "பெரிய முள்ளு கீழ எறங்குற வரைக்கும் அம்மா இல்ல" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையிலிருந்து யாரிடமும் பேசாமல் சேர்த்து வைத்த கதைகள் வாய்க்குள் நிற்கும். பள்ளியில் யார் விழுந்தது, வாத்தியார் யாரை அடித்தார், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கின் பூனை எத்தனை குட்டி போட்டது. முள் இறங்கும், கதவு திறக்கும், அம்மா வெளியே வந்து "இப்ப சொல்லு" என்பாள். நான் சொல்வதை எல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுசாகக் கேட்பாள். ஒன்றைக்கூட மறக்க மாட்டாள். அடுத்த வாரம் அந்தப் பூனையின் குட்டிகளைப் பற்றி அவளாகவே விசாரிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் எது கேட்டாலும் உடனே பதில் வராது. "மைலோவா, டீயா" என்று கேட்டால்கூட "இரு" என்பாள். விட்டத்தைப் பார்ப்பாள். நீங்கள் மறந்துவிட்ட பிறகு, நீங்களே டீ போட்டுக் குடித்து முடித்த பிறகு, "மைலோ" என்பாள். அவசரப்படுத்தினால் அதுவும் வராது. காத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இந்தச் சங்கதி எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வருடக் கடைசியைப் பற்றி. மூன்றாம் வகுப்பு முடியும் சமயம். கம்பெனியில் அம்மாவை லைன் லீடர் ஆக்கினார்கள். கீறலைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, அதனால் மேலே தூக்கிவிட்டார்கள். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிகாமட்டில் இருந்த அவருடைய அக்காவுக்கு அன்றே போன் போட்டார். தாமான் முழுக்கச் சொன்னார்.

லைன் லீடர் என்றால் மைக்ரோஸ்கோப் கிடையாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும். யார் வரவில்லை, யாருக்கு யாரோடு சண்டை, யாரை ஓவர்டைம் செய்யச் சொல்வது என்று நாள் முழுக்க முகங்கள். இடையில் அலறுகிற டெலிபோன். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட். அம்மா வீட்டுக்கு வரும்போது வாயில் ஒரு வார்த்தைகூட மிஞ்சியிருக்காது. கதவுக்குப் பின்னால் போய் உட்காருவாள். பெரிய முள் கீழே இறங்கும், மறுபடி மேலே ஏறும், மறுபடி இறங்கும். வெளியே வந்தாலும் பேச்சு வராது. வாயைத் திறப்பாள், உதடு அசையும், சத்தம் வராது. கையால் சோற்றைக் காட்டுவாள், குழம்பைக் காட்டுவாள். நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால் அவளுக்கு வலிக்கிற மாதிரி இருந்தது. மக்சிக்கின் பூனையிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ரேடியோகூடப் பாடவில்லை. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்தான்.

தீபாவளிக்கு முன்னால் அத்தை எனக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை அனுப்பினாள். கோலாலம்பூர் போய் வாங்கியது. கரும்பச்சையில் அரக்குக் கரை, உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. அட்டைப் பெட்டியைத் திறந்ததும் புதுத் துணிக் கஞ்சி வாசம் வீடு முழுக்க அடித்தது. அம்மா அதை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவளுக்கு ஒரு வார்த்தை வந்தது.

"குத்துது," என்றாள்.

என் துணிகளில் கழுத்துப் பட்டையே இருக்காது, தெரியுமா? சட்டை, பள்ளிக்கூடப் பினாபோர், உள்சட்டை, எது வாங்கினாலும் முதல் வேலையாகப் பின்கழுத்தில் இருக்கும் லேபிள் பட்டையைக் கத்தரித்துவிடுவாள். அவளுக்கு அது தேள் கொட்டுகிற மாதிரி இருக்குமாம். அவளுக்கு இருந்தால் எனக்கும் இருக்குமல்லவா? எனக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. கத்தரித்த இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். வகுப்பில் பின்னால் உட்கார்ந்தவர்கள் "எலி கடிச்சதா" என்று கேட்பார்கள்.

பட்டுப் பாவாடைக்கும் அதே கவனிப்பு நடந்தது. தினமும் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததும், பேச்சில்லாமல், அம்மா அந்தப் பாவாடையைத் தண்ணீரில் ஊற வைப்பாள். கையால் அழுத்தி அழுத்திக் கஞ்சியை எடுப்பாள். நிழலில் காயப் போடுவாள். காய்ந்ததும் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். திருப்தி இருக்காது, மறுநாளும் ஊறும். வாளித் தண்ணீர் பச்சையாக ஓடி, பிறகு வெளிர் பச்சையாகி, கடைசியில் வெறும் தண்ணீராகவே ஓடியது. சட்டைக் கையிலிருந்த ஜரிகையைப் பிரித்துவிட்டாள். தன்னுடைய பழைய கைலி ஒன்றை வெட்டி உள்ளே முழுக்க வைத்துத் தைத்தாள். ஒரு மாலை அதை என் கன்னத்தில் வைத்தாள். மக்சிக்கின் பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. அம்மா என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கொஞ்சுவது, முத்தமிடுவது எல்லாம் அவளிடம் கிடையாது. அந்த அழுத்தம்தான் எல்லாம்.

தீபாவளிக்குச் சிகாமட் போனோம். விடிகாலை எண்ணெய் வைத்துக் குளித்து முடித்ததும் அத்தை வீட்டுச் சாமி அறையில் எல்லோருடைய புதுத் துணியையும் தட்டில் அடுக்கி, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது வழக்கம். மாமாவின் வேட்டி, அப்பாவின் சட்டை என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்த அத்தை, என் பாவாடையைப் பையிலிருந்து எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? நான் குடுத்ததா இது?"

"ஆமா அண்ணி," என்றாள் அம்மா.

"யாரு கட்டிக் கிழிச்சது? இப்படி வெளுத்துப் போய் கெடக்கு?"

"யாரும் கட்டல. நான் தொவச்சேன். மொதல்ல குத்துச்சு. இப்பக் குத்தாது. தொட்டுப் பாருங்க."

அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த மழைக்காலத்தில் நான் பார்க்கவே இல்லை. அத்தை தொட்டுப் பார்க்கவில்லை. மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பட்ட யாராச்சும் தொவப்பாங்களா? தீபாவளிக்கு முன்னாடியே புதுசப் பழசாக்கி எடுத்துட்டு வந்திருக்க. நல்ல நாள் அதுவுமா நான் என்னத்தச் சொல்றது?" பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "தம்பி, எனக்கு எல்லாம் காதுல விழுந்துச்சு. புள்ள ஸ்கூல் விட்டு வந்தா பேச ஆளில்லையாம். கதவுக்கு வெளிய நாய்க்குட்டி மாதிரி உக்காந்திருக்குமாம். இவ வேல வேலன்னு போயிட்டு வந்து உள்ள பூட்டிக்கிறாளாம். உண்மையா இல்லையா?"

அப்பா தரையைப் பார்த்தார். அவரை எடுத்து வளர்த்தது அத்தைதான். அவரால் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அத்தை அம்மாவிடம் வந்தாள். "நேரா கேக்குறேன், சொல்லு. ஒனக்கு வேல வேணுமா, புள்ள வேணுமா?"

அம்மா விட்டத்தைப் பார்த்தாள். அங்கே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வெளியே யாரோ பட்டாசு கொளுத்த, அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும், பதில் வரும், காத்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணி," என்றாள் அம்மா.

மாமா 'ச்சு' கொட்டினார். அத்தை மஞ்சள் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள். "சரிம்மா. நல்லா யோசி. ஆற அமர யோசிச்சு மெதுவா சொல்லு. அவசரமே இல்ல."

அம்மாவின் தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. "ரொம்ப நன்றி அண்ணி," என்றாள்.

அந்த நன்றியைத்தான் சிகாமட் சொந்தக்காரர்கள் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்ன கொழுப்பு பார் அவளுக்கு என்பார்கள். அவள் நிஜமாகவே நன்றி சொன்னாள் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தர் அவளுக்கு யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார் என்று அவள் நம்பிவிட்டாள்.

ஸ்கூல் லீவு முடியும் வரை நான் அங்கேயே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அம்மாவும் அப்பாவும் ரயிலேறிப் போனார்கள். அத்தையைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். கேட்டதெல்லாம் செய்து கொடுத்தாள். வீட்டில் எந்நேரமும் ரேடியோ, டிவி, வருகிறவர் போகிறவர் பேச்சு. பேச ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளை என்று என்னை நடுவில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அத்தை வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் துடைப்பம் இருந்தது. சாயங்காலமானால் கடிகாரத்தைப் பார்ப்பேன். பெரிய முள் கீழே இறங்கும், ஒன்றும் திறக்காது. அத்தனை பேர் இருந்த அந்த வீட்டில்தான் நான் முதன்முதலாகத் தனியாக இருந்தேன்.

மழை நாளுக்கு நாள் ஏறியது. ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்று மாமா தினமும் பாலத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பள்ளி திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் ஒரு மதியம் கேட் சத்தம் கேட்டது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். தனியாக. கம்பெனிச் சட்டையோடு, காதில் பஞ்சு, முழங்கால் வரை நனைந்து. கூட்டமென்றால் பசார் மாலாம் இரவுச் சந்தைக்கே வராதவள், லீவு நாள் நெரிசலில் பஸ் மாறி ரயில் மாறி அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஹாலின் நடுவில் நின்று, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அவள் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணி, நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்."

"நான் என்னத்தக் கேட்டேன்?" என்றாள் அத்தை. நிஜமாகவே அவளுக்கு ஞாபகமில்லை.

"வேல வேணுமா, புள்ள வேணுமான்னு தீபாவளி அன்னைக்குக் கேட்டீங்க. யோசிச்சேன். ரெண்டும் வேணும். வேல இல்லாம வீட்டுலயே இருந்தா என்னால முடியாது, அண்ணி, தலைக்குள்ள சத்தம் அதிகமாயிடுது. பாப்பா இல்லாம அந்த வேலையும் ஓட மாட்டேங்குது, ரெண்டு டிரே கொட்டிட்டேன். லைன் லீடர் வேணாம்னு சொல்லிட்டேன். பழையபடி மைக்ரோஸ்கோப்புக்கே போயிட்டேன். காலை ஷிப்ட் மட்டும் போதும்னு கேட்டேன், குடுத்துட்டாங்க. இப்ப எனக்குச் சாயங்காலம் பேச்சு வருது. மத்தியானம் பாப்பாவுக்கு மக்சிக் சோறு போடுறேன்னு சொன்னாங்க. அப்புறம், கதவுக்குப் பின்னால இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கேன். பீப்பாயக் கொஞ்சம் தள்ளி வச்சேன், எடம் இருக்கு. பாப்பா இனிமே உள்ள வந்து உக்காரலாம். பேசக் கூடாது. அவ்வளவுதான் அண்ணி."

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கினாள்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா பேப்பரை மடக்கி வைத்தார்.

"அலமாக்! இதுக்கா இவ்வளவு நாளு?" என்றாள் அத்தை. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போகக் குரல் மாறிவிட்டது. "பெத்தவளுக்கு இது யோசிக்கிற கேள்வியா? கேட்ட நிமிஷமே 'எம்புள்ளதான் வேணும்'னு அவ கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தா நானே ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஏத்தி விட்டிருப்பேன். அப்படி ஒருத்தி சொல்ல மாட்டாளான்னுதான கேட்டதே. இப்ப இவ பேர இந்த ஊரு ஸ்கூலுக்கு மாத்தியாச்சு, தம்பியும் சரின்னுட்டான். போம்மா, நீயும் வேலையப் பாரு. புள்ள இங்க நல்லா இருக்கா."

அம்மாவுக்கு அதில் ஏதோ ஒன்று புரியவே இல்லை. கணக்குச் சரியாகப் போட்டும் தப்பு என்று சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி நின்றாள்.

"யோசின்னு சொன்னீங்க," என்றாள். "அவசரமில்லன்னு சொன்னீங்க."

 அத்தை அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். அம்மா குடிக்கவில்லை. நான் கேட் வரை ஓடினேன். கூட்டிப்போ என்று வாய் வரை வந்தது, அழுகைதான் முதலில் வந்தது. மழையில் நின்றுகொண்டே அம்மா என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கழுத்து வலிக்கும் அளவுக்கு அழுத்தினாள்.

"ஸ்டூல எடுக்க மாட்டேன்," என்றாள். "அங்கேயே இருக்கும்."

அந்தப் பட்டுப் பாவாடை, பிறகு வந்த வெள்ளத்தில் அத்தை வீட்டு அலமாரியோடு போய்விட்டது. அது வரைக்கும் அதைத்தான் தலையணைக்கு மேல் விரித்துப் படுத்தேன். இன்றைக்குப் பட்டுக் கடைக்குள் போனால் முதலில் விரல் அந்த மெத்தென்ற கைலித் துணியைத்தான் தேடுகிறது. எந்தக் கடையிலும் கிடைக்காது என்று தெரியும், ஆனாலும் தேடும்.

ஆறாம் வகுப்பு முடியும் வரை சிகாமட்டில்தான் இருந்தேன். லீவுக்கு வீட்டுக்குப் போன முதல் நாளே அடுப்படிக்கு ஓடினேன். மர ஸ்டூலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல், காப்பிக் கடையில் போடுவார்களே, அது மாதிரி. அம்மா வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், உள்ளே போனாள். கதவை இழுக்காமல் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். அரிசி வாசம், கேஸ் வாசம், அவள் துண்டிலிருந்து சோப்பு வாசம். அவள் முன்னும் பின்னும் ஆடினாள், நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. அந்தக் கம்பெனிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் லீவுக்கு வரும் பிள்ளை விருந்தாளிதானே. நாலு நாள் இருப்பேன், அத்தை போன் போடுவாள், பெட்டி கட்டுவார்கள். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு உயரம் வந்துவிட்டது. உட்கார்ந்தால் முட்டி கேஸ் தோம்பில் இடிக்கும். எனக்கென்று ஒரு அறையும் கதவும் வேறு வந்துவிட்டன.

அம்மா மட்டும் அந்த ஸ்டூலை எடுக்கவே இல்லை. வீட்டில் விசேஷம் என்று ஆட்கள் வந்து உட்கார நாற்காலி போதாமல் நின்றாலும் அதைத் தொட விட மாட்டாள். "அது பாப்பாவோடது" என்பாள். பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, முடியும் நரைத்துவிட்டது. அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு நானே குடி வந்தேன். அப்போதும் இரண்டு ஸ்டூலும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன.

போன வருடம் என் மகள் ஒரு மாலை காரில் உட்கார்ந்தபடியே போன் பண்ணினாள். சிங்கப்பூரில் வேலை அவளுக்கு, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பாளாம். டாக்டரிடம் போயிருக்கிறாள். ஆட்டிசம் என்றார்களாம். "சின்னதுலேர்ந்தே இருந்திருக்குமா, யாருக்கும் தெரியல," என்றாள். பிறகு, "பாட்டியும் என்னை மாதிரிதான் இருந்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இப்படி ஒரு சொல் இருந்தும் திமிர் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் கேட்காமலே என் அம்மா போய்விட்டாளே என்று.

போனில் அவள் குரல் தேய்ந்திருந்தது. மனசு கேட்காமல் சொன்னேன். "புள்ளைய என்கிட்ட விட்டுடு. வாரக் கடைசிக்கு வந்து கூட்டிட்டுப் போ. நீயும் கொஞ்சம் மூச்சு விடலாம்லா."

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தையின் குரலிலேயே வந்தது. விழுங்கிவிட்டேன். "சரி, யோசி," என்றேன். பிறகு அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குத் தனி மெத்தைகூட வாங்கி வைத்திருந்தேன், அதையும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, நானே மறந்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது.

"வேணாம்மா. புள்ள என்கிட்டயே இருக்கட்டும். வேலையிலேர்ந்து வந்ததும் நான் ரூமுக்குள்ள போயிடுவேன்ல, அந்த நேரத்துக்கு மட்டும் நீங்க வந்து இருங்க."

போனேன். மகள் வந்தாள், பையை வைத்தாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதை சொல்லக் கூப்பிட்டேன், டிவி போட்டேன், பிஸ்கட் கொடுத்தேன். பிள்ளை எதற்கும் வரவில்லை. அறைக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

மறுநாள் கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்பு ஸ்டூலை எடுத்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு அது இடம் மாறுவது அன்றுதான். தூசி தட்டித் துடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மகள் வேலையிலிருந்து வந்ததும் அவள் அறைக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டேன். "புள்ள உள்ள வந்து உக்காரட்டும்," என்றேன். "பேச மாட்டா."

மகள் ஸ்டூலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். பிறகு கதவை முழுக்கச் சாத்தாமல் கொஞ்சம் திறந்து வைத்தாள். பிள்ளை எழுந்து உள்ளே போனாள்.

நான் வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அது பழகிய இடம்தான்.